கௌரிக்குச் சொந்தமான கமா

"அண்ணா, அந்த மேல போடற கமா எங்க?"

மாரண்டஹள்ளியில கேக் கடை திறப்பு. போர்டு மாட்ட ஏணி மேல நிக்கறேன். கீழ கடைக்காரம்மா கௌரி கத்துது. GOWRI'S CAKES-னு எல்இடி எழுத்து எல்லாம் மாட்டியாச்சு, I-க்கும் S-க்கும் நடுவுல மேல வர்ற அந்தச் சின்னத் துண்டை மட்டும் காணோம். பூஜைக்கு இடம் பெருக்கினவங்க பேக்கிங் பேப்பரோட அதையும் குப்பை வண்டியில ஏத்திட்டாங்க! எனக்கு வந்த கோவத்துல ஏணியே ஆடுச்சு.

போர்டு தொழில்ல பாதிப் பேர் இந்தக் கமாவை அள்ளித் தெளிப்பான். TEA'S-னு ஒண்ணு, COFFEE'S-னு ஒண்ணு. யாருக்குச் சொந்தமோ அவங்க பேருக்குத்தான்டா போடணும்னு தொண்டை கிழியக் கத்தினாலும் கேக்க மாட்டானுங்க.

கௌரியோட கொழுந்தனார் சமாதானத்துக்கு வந்தாரு. "வுடுங்கண்ணா, பொட்டு மாதிரி ஒண்ணு. கீழருந்து எவன் பாக்கறான்?"

"நான் பாப்பேன்"னுச்சு கௌரி. கண்ணு கலங்கிருச்சு. "ஓசூர்ல அடுத்தவங்க பேக்கரியில பத்து வருசம் வெந்தேங்கண்ணா. அந்த முதலாளிதான் இப்ப ரிப்பன் வெட்ட வராரு. இது என்னோடதுன்னு அவரு படிக்கணும்."

அதுக்கு மேல என்ன பேச்சு? பட்டறை தருமபுரியில, போய்ட்டு வர நேரமில்ல. டூல் பாக்ஸைத் தரையில கொட்டினேன். GOWRI-யோட 'O' எழுத்தை வெட்டினப்ப நடுவுல விழுந்த அக்ரிலிக் துண்டு அடியில கிடந்துச்சு. அதே சிவப்பு! பிளேடால அறுத்து, அரம் போட்டு ராவி, பின்னாடி ஒத்தை எல்இடியை ஒட்டினேன். முதலாளி கார் தெருமுனை திரும்பறப்ப ஏணி ஏறி அதை மாட்டி, ஒயரை முறுக்கிட்டு, சுவிட்சைப் போடச் சொன்னேன். மத்த எழுத்தை விட அது தூக்கலாவே எரிஞ்சுது. ஏணியில நின்னே விசில் அடிச்சுட்டேன், வயசாவது ஒண்ணாவது!

முதலாளி அண்ணாந்து பார்த்து நிதானமாப் படிச்சாரு. "கௌரி'ஸ்... அப்ப இனிமே உன்னை வேலைக்குக் கூப்பிட முடியாது."

"நீங்க வேணா இங்க வாங்க சார்"னு சிரிச்சுது கௌரி. "கல்லாவுல உக்கார நம்பிக்கையான ஆள் வேணுங்க."

முதலாளியே குலுங்கிச் சிரிச்சுட்டாரு. தொழிலுக்கு வர்ற தம்பிங்களுக்கு நான் சொல்றது இதான்: போர்டுல அந்தத் துண்டை முதல்ல மாட்டுங்க. கடை யாரோடதுன்னு ஊருக்குச் சொல்றது அதுதான். மத்த எழுத்தெல்லாம் அப்புறம் மெதுவா ஏறட்டும்.