நீள மறுத்த முழங்கால்

அப்போது நான் கோலாலம்பூரில், சாலாக் செலாத்தான் பகுதியிலிருந்து வேலையாட்களை ஏற்றி இறக்கும் வேன் ஓட்டிக்கொண்டிருந்தேன். ஒருநாள் பஞ்சரான டயரை மாற்றக் குந்தி உட்கார்ந்தவன், எழும்போது உடம்பைத் திருப்பினேன். வலது முழங்காலுக்குள் 'பொட்' என்று ஒரு சத்தம். மறுநாள் கால் வீங்கியது. தைலம் தேய்த்தேன். வீக்கம் வடிந்ததும் சரியாகிவிட்டது என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

சரியாகவில்லை. படி இறங்கும்போது உள்ளே ஏதோ நகர்ந்தது. சில நாள் கால் மடங்கியபடியே மாட்டிக்கொள்ளும். கையால் பிடித்து அசைத்தால் 'கடக்' என்று விடுபடும். மனைவி கவனித்துவிட்டாள்.

"கிளினிக் போங்க லா. வண்டி ஓட்டுற கால் அது."

"வயசானா அப்படித்தான். அடுத்த வாரம் போறேன்."

போகவில்லை. மாட்டிய கால் விடுபட எடுக்கும் நேரம் கூடிக்கொண்டே வந்தது. அதை அவளிடமும் மறைத்தேன்.

ஒரு மாலை, மழை விட்ட ஈரச் சாலை. வேனில் பதினொரு பெண்கள். பிரிக்பீல்ட்ஸில் பாதசாரிக் கோட்டை நெருங்கும்போது, பார்வையற்ற பெரியவர் ஒருவர் வெள்ளைக்கோலைத் தட்டியபடி கடக்கத் தொடங்கினார். பாதத்தை பிரேக்குக்கு மாற்றினேன். அழுத்த வேண்டுமென்றால் கால் நீள வேண்டும். நீளவில்லை. முழங்காலுக்குள் ஆப்பு அடித்தது போல நின்றுவிட்டது.

"அண்ணே, பிரேக்! பிரேக் போடுங்கண்ணே!" பக்கத்து இருக்கைப் பெண் அலறினார்.

ஹேண்ட்பிரேக்கை இழுத்தேன். வேன் வழுக்கிக்கொண்டே போய் நின்றது. பெரியவரின் கோல் பம்பரில் தட்டியது.

"ஏன் பாஸ் இவ்வளோ கிட்ட நிறுத்துறீங்க?" என்றார் அவர், சாதாரணமாக.

அவர் நடந்து போய்விட்டார்.

மறுநாள் கிள்ளானில் ஒரு டாக்டர், மேசை மேலிருந்த முழங்கால் மாதிரியைக் கையில் எடுத்தார்.

"மேல தொடை எலும்பு, கீழ கால் எலும்பு, முன்னால சில்லு. நடுவுல பிறை மாதிரி ரெண்டு மெத்தை இருக்கு அங்கிள். உங்களுக்கு ஒண்ணு கிழிஞ்சிருச்சு. அந்தத் துண்டு மூட்டுக்குள்ள போய் மாட்டுது."

"வயசுனால இல்லையா?"

"வயசானா எலும்பு முனையில இருக்கற குருத்தெலும்பு தேயும். அது வேற வலி. எலும்ப இழுத்துப் பிடிக்கிற நார் அறுந்தா கால் நிக்காம நழுவும். உங்களுக்குப் பூட்டிக்கிச்சு. இதோடயா வண்டி ஓட்டுனீங்க?"

அறுவை சிகிச்சையில் கிழிந்த துண்டை எடுத்தார்கள். வேனிலிருந்த பெண்கள் யாரும் வேன் முதலாளியிடம் வாய் திறக்கவில்லை. நானே போய் நடந்ததைச் சொல்லி, சாவியைக் கொடுத்துவிட்டேன். இப்போது கால் முழுதாக நீள்கிறது. ஆனாலும் மனைவி கார் ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார்ந்து போகும்போது, யாராவது குறுக்கே வந்தால் என் வலது கால் தானாகத் தரையை அழுத்துகிறது. அங்கே பிரேக் இல்லை.