மஞ்சள் விளக்கு சிமிட்டிய கணக்கு

அன்று மேலகரத்து வீட்டு வாசலில் இருந்தவர்கள் இவ்வளவு பேர்தான். காருக்குச் சொந்தக்காரரான அண்ணாச்சி. குற்றாலத்தில் குளிக்க வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடுவது அவர் தொழில். அவர் மனைவி, நான் மைனி என்று கூப்பிடுவேன், பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தார். பழைய இரும்பு வாங்கும் பாய்; தன் குட்டியானை லாரியைத் தெருவில் நிறுத்திவிட்டு வந்திருந்தார். நான். பிறகு அந்த வெள்ளைக் கார்.

காரை ஆள் கணக்கில் சேர்க்கக் காரணம் உண்டு. அன்று அதுவும் பேசியது.

எனக்கு இலஞ்சியில் தென்னந்தோப்புக்குத் தண்ணீர் பாய்ச்சும் வேலை. மோட்டாரைப் போட வேண்டும், வாய்க்காலைத் திருப்ப வேண்டும், மோட்டாரை நிறுத்த வேண்டும். ஏழாவதோடு படிப்பு நின்றது. எதையும் கழற்றிப் பார்க்கும் பழக்கம் நிற்கவில்லை. ரேடியோ, மிக்ஸி, டிவி என்று போய்க் கடைசியில் கம்ப்யூட்டர். பாய் கடைக்கு எடைக்கு வந்ததில் நல்ல சாமானாகப் பொறுக்கி, ஒரு பிளைவுட் பலகையில் திருகி வைத்தேன். பெட்டி கிடையாது. ஆன் செய்வதற்குக் காலிங் பெல் சுவிட்ச்.

முதல் தடவை அதை அழுத்தியபோது விசிறி சுற்றியது. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து ஓடியது. இங்கிலீஷ். எனக்குப் புரியவில்லை. தன்னிடம் என்னென்ன இருக்கிறது என்று அது தானே தொட்டுப் பார்க்கிறது என்று பிறகு தெரிந்துகொண்டேன். தூங்கி எழுந்தவன் கை கால் இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பது மாதிரி. நான் அப்படியே உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள்.

“பெல்லு அடிச்சா ஆளு வரும். இங்கன படம்லா வருது” என்றாள்.

அந்தப் பலகையில்தான் ஒரு வீடியோ பார்த்தேன். பேசியது எந்த நாட்டு மொழியோ. ஒருவன் ஒரு சின்னக் காரின் பானெட்டைத் திறந்தான். பேட்டரிக்குப் பக்கத்தில் சும்மா தொங்கும் ஒரு பிளக்கில் துண்டு வயரைச் சொருகினான். சாவியைத் திருப்பினான். மீட்டரில் இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு சிமிட்டியது. அவன் விரல் விட்டு எண்ணினான். விரலுக்கு மொழி வேண்டாம். எந்த எண்ணுக்கு எந்தக் கோளாறு என்று படம் போட்டுக் காட்டினான். அண்ணாச்சி கார் அதே சாதிக் கார்.

மைனிக்கு முந்தின வருசம் பக்கவாதம் வந்தது. பேச்சு திரும்பிவிட்டது. இடது கையும் காலும் முழுக்கத் திரும்பவில்லை. தென்காசியில் காலுக்குப் பயிற்சி கொடுக்கிறார்கள். விடாமல் போனால் நடை வரும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆட்டோ என்றால் இரண்டு பேர் தூக்கி ஏற்ற வேண்டும். கார் சீட்டின் உயரம் அவருக்குத் தோதாக இருந்தது. முதலில் உட்கார்ந்துகொள்வார். பிறகு வலது கையால் இடது காலை எடுத்து உள்ளே வைப்பார். யாரும் தொட வேண்டாம். அதற்காகவே அண்ணாச்சி அந்தப் பழைய காரை வாங்கினார்.

அந்தக் கார் ஒருநாள் தென்காசிக் கடைத்தெருவில் நின்றுவிட்டது. பின்னால் பஸ் ஹாரன் அடித்தது. முகம் தெரியாத நாலு பேர் ஓடி வந்து மைனியைத் தூக்கி ஆட்டோவில் வைத்தார்கள். சேலை விலகியது. உதவி செய்ய வந்தவர்கள்தான், குறை சொல்ல முடியாது. ஆனால் மைனி அதற்குப் பிறகு பயிற்சிக்குப் போகவில்லை. இனி என்னை ஒருத்தரும் தூக்கப்படாது என்று சொல்லிவிட்டார்.

காரை இரண்டு மெக்கானிக்குகள் பார்த்தார்கள். பெட்ரோல் வருகிற வழியெல்லாம் சுத்தம் செய்தார்கள். ஸ்டார்ட் ஆகும், கொஞ்ச தூரம் ஓடும், சூடேறினால் நிற்கும். அண்ணாச்சிக்கு வெறுத்துப் போனது. எடைக்குப் போட்டுவிடலாம் என்று பாயை வரச் சொன்னார். நான் ஒரு தடவை பார்க்கிறேன் என்று போய் நின்றேன்.

“ஏலே, நீ பாத்ததெல்லாம் கடைசில என் கடைக்குத்தான வருது” என்றார் பாய்.

“அதுல பாதி உங்க கடைல இருந்து போனதுதான் பாய்.”

“தம்பி பாக்கட்டும் வே. நீரு டீயக் குடியும்” என்றார் அண்ணாச்சி.

லேசாகச் சாரல் விழுந்துகொண்டிருந்தது. பானெட்டைத் திறந்தேன். பிளக்கைத் தேடி எடுத்து வயரைச் சொருகினேன். முன்னால் நிற்கிறவனுக்கு மீட்டர் தெரியாது, பானெட் மறைக்கும். அண்ணாச்சியை உள்ளே உட்காரச் சொன்னேன்.

“சாவியை மட்டும் திருப்புங்க அண்ணாச்சி. ஸ்டார்ட் பண்ணிராதீங்க. மஞ்ச விளக்கு எத்தன தரம் மின்னுதுன்னு சொல்லுங்க.”

“மின்னுது… மின்னுது… நின்னுட்டு… திரும்ப மின்னுது.”

“எண்ணுங்க.”

“எங்கன எண்ண? முதுகு தேய்க்கும்போதே எனக்கு எண்ணம் தப்பும்.”

“ரூவாய் எண்ணும்போது தப்பாதே வே” என்றார் பாய்.

நான் போய் எட்டிப் பார்த்தேன். நாலு சிமிட்டல். கொஞ்சம் இருட்டு. இரண்டு சிமிட்டல். பிறகு நீளமாக இருட்டு. மறுபடியும் நாலு, இரண்டு. நாற்பத்திரண்டு. இன்ஜின் சுற்றுகிறது என்று சேதி சொல்லும் சென்சார் ஒன்று உண்டு. அதனிடமிருந்து சேதி அறுந்துபோனது என்று அதற்கு அர்த்தம்.

கார் பல நாளாக நின்றுகொண்டிருந்தது. மீட்டருக்குக் கீழே உள்ளே தள்ளி டிபன் பாக்ஸ் அளவில் ஒரு பெட்டி, காரின் கம்ப்யூட்டர். கடைத்தெருவில் என்ன நடந்தது என்று அது வைத்துக்கொண்டிருந்தது. யாரும் கேட்கவில்லை, அதுவும் சொல்லவில்லை. ஒரு துண்டு வயரால் கேட்டதும் சொல்லிவிட்டது. அதற்கு வாய் கிடையாது. இருந்த ஒரே விளக்கை வைத்துச் சொன்னது.

பாய் டீ கிளாஸைத் தரையில் வைத்துவிட்டு வந்தார். “இன்னொரு தரம் காட்டுலே” என்றார். காட்டினேன். நாலு, இரண்டு.

“பொய் சொல்லாது போலுக்கே” என்றார் மெதுவாக.

சென்சாருக்குப் போகும் பிளக்கைப் பிடித்து இழுத்தேன். விரல் வழுக்கியது. உள்ளே கறுப்பாகக் கோந்து மாதிரி அப்பியிருந்தது. மோந்து பார்த்தேன். இன்ஜின் ஆயில் இல்லை. மூலிகை வாசம்.

“அண்ணாச்சி, இதுக்குள்ள எண்ண எப்படி வந்துச்சு?”

அண்ணாச்சி மலையைப் பார்த்தார். மலை மேகத்துக்குள் இருந்தது.

“சொல்லுங்க. தம்பி கேக்குல்லா” என்றார் மைனி.

“வண்டி வாங்குன புதுசுல, அந்த பிளக்குல துரு ஏறுதுன்னு ஒரு மெக்கானிக்கு சொன்னான். அதான், லேசாத் தேச்சு விட்டேன்.”

“லேசாவா? என் காலுக்குன்னு காய்ச்சுன எண்ணயில அர பாட்டிலு அதுக்குள்ள போயிருக்கு.”

“வயரு நரம்பு மாதிரில்லா இருக்கு. எண்ண போட்டா நல்லதுதானன்னு நெனச்சேன்.”

“அப்ப அருவிக்குக் கூட்டிட்டுப் போயிக் குளிக்கவும் வச்சிருக்கணும் வே. எண்ணயோட விட்டா சளி பிடிக்காதா?” என்றார் பாய்.

மைனி சிரித்தார். வாய் ஒரு பக்கம்தான் நன்றாகச் சிரிக்கும். அன்று இரண்டு பக்கமும் சிரித்த மாதிரி இருந்தது.

அண்ணாச்சி நினைத்தது முழுக்கத் தப்பு இல்லை. எண்ணெய் துருவைத் தடுக்கும். ஆனால் தூசியைக் கூப்பிடும். இரண்டும் சூட்டில் இறுகி, பிளக்குக்குள் பித்தளையும் பித்தளையும் சரியாகத் தொடவிடாமல் செய்துவிட்டன. வண்டி சூடானால் சேதி அறுந்துபோகும். கம்ப்யூட்டர் சாமானுக்கு அடிக்கும் ஸ்ப்ரேயை அடித்தேன். பழைய பல் பிரஷால் தேய்த்தேன். கறுப்பாக வடிந்தது. உள்ளே ஒரு பித்தளை வாய் தளர்ந்து கிடந்தது. நெருக்குவதற்குக் கூர்மையாக ஏதாவது வேண்டும் என்றேன். மைனி சேலையிலிருந்து ஊக்கைக் கழற்றி நீட்டினார்.

பிளக்கை மாட்டினேன். பிறகு பேட்டரி வயரைக் கழற்றிக் கொஞ்ச நேரம் விட்டேன்.

“அது எதுக்கு?” என்று மைனி கேட்டார்.

“பெட்டி பழசை மறக்கணும் மைனி. கரண்ட்டு இல்லன்னா மறந்துரும்.”

“எல்லாத்தயுமா?”

“எல்லாத்தயும்.”

“குடுத்து வச்சது” என்றார்.

வயரை மாட்டினேன். அண்ணாச்சி ஸ்டார்ட் செய்தார். உடனே பிடித்தது.

“இது எப்பவும் ஸ்டார்ட்டாவும். ஓடிட்டு நிக்கிததுதான் சீக்கு” என்றார் பாய். அதுவும் நியாயம்தான். ஒரு ஓட்டம் போய் வருவோம் என்றேன். “நின்னா தள்ளுததுக்கு ஆளு வேணும்லா” என்று அவரும் பின்சீட்டில் ஏறிக்கொண்டார்.

குற்றாலம் வழியாக ஐந்தருவி ரோட்டில் ஏறினோம். சீசன் கூட்டம். வேன்களுக்கு நடுவில் ஊர்ந்தோம். சூட்டு முள் நடுவுக்கு வந்து நின்றது. அண்ணாச்சி ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்திருந்தார். ஒரு குரங்கு வந்து பானெட்டில் உட்கார்ந்தது.

“குளிருக்கு இதமா இருக்கு போல. இன்ஜினு சூடாயிட்டுன்னு அது சொல்லுது” என்றார் பாய்.

எல்லோரும் இன்ஜின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தோம். இன்ஜின் சுற்றச் சுற்ற, விரல் அளவு இருக்கும் அந்தச் சாமான் விடாமல் சேதி அனுப்புகிறது. பெட்டி விடாமல் கேட்கிறது. கேட்டுத்தான் நெருப்பை எப்போது வைக்க வேண்டும், பெட்ரோலை எப்போது விட வேண்டும் என்று முடிவு செய்கிறது. ஒரு சொடக்குப் போடுவதற்குள் எத்தனை தடவை இந்தப் பேச்சு நடக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். நினைக்க முடியவில்லை. சாரல் ஜன்னல் வழியாக அடித்தது.

இலஞ்சி சுற்றித் திரும்பினோம். எங்கும் நிற்கவில்லை.

அண்ணாச்சி இறங்கி மைனியிடம், “ஓடுச்சு பாத்துக்கோ. நாளைக்குப் பயிற்சிக்குப் போவோம்” என்றார்.

மைனி அசையவில்லை. “நிக்காம ஓடுச்சு, சரி. நடுவுல நிக்கப் பாத்துதா இல்லியான்னு எப்படித் தெரியும்? நாளைக்கு நின்னா நாலு பேரு வருவான்.”

நான் பெட்டியிடம் கேட்கலாம் என்றேன். வழியில் சேதி அறுந்திருந்தால் திரும்பவும் நாலு, இரண்டு என்று சிமிட்டும். ஒரு கோளாறும் இல்லையென்றால் அது சும்மா இருக்காது. ஒன்று சிமிட்டி, நிறுத்தி, இரண்டு சிமிட்டும். ஒன்றும் இல்லை என்று சொல்லவும் அதற்கு ஒரு எண் இருக்கிறது.

அண்ணாச்சி உள்ளே உட்காரப் போனார்.

“நீங்க இருங்க. நீங்க எண்ணுத லட்சணம் எனக்குத் தெரியும். நான் பாக்குதேன்” என்றார் மைனி. “நாலு வந்தா பாய் அண்ணன் வண்டியக் கொண்டு போகட்டும்.”

கம்பை ஊன்றி எழுந்தார். பாய் உதவிக்கு ஒரு எட்டு முன்னால் வந்தார். பிறகு என்ன நினைத்தாரோ, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். மைனி இடது பக்கக் கார்க் கதவைப் பிடித்துத் திரும்பி, சீட்டில் உட்கார்ந்தார். வலது காலை உள்ளே வைத்தார். இடது காலைக் கையால் எடுத்து வைத்தார். மீட்டர் பக்கம் சாய்ந்துகொண்டார்.

நான் வயரைச் சொருகினேன். அண்ணாச்சி டிரைவர் பக்க ஜன்னல் வழியாகக் கையை விட்டுச் சாவியைத் திருப்பினார். பானெட்டுக்குப் பின்னால் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. சாரல் தகரத்தில் விழும் சத்தம் மட்டும் கேட்டது.

“ஒண்ணு” என்றார் மைனி.

நிறுத்தினார்.

“ஒண்ணு. ரெண்டு.”

இன்னொரு தரம் பார்க்கச் சொன்னேன். பார்த்தார்.

“எவ்வளவு மைனி?”

“பன்னெண்டு.”