கல்லூரியை விசாரித்த அத்தை

தாராவியில் எங்கள் சந்தில் எந்தப் பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பை முடித்தாலும், இன்றைக்கும் முதலில் அத்தையைத்தான் தேடி வருகிறார்கள். போனைத் திறந்தால் கல்லூரிகளின் தரவரிசை வருகிறது. முன்பின் தெரியாதவர்கள் நட்சத்திரம் போட்டு எழுதிய அபிப்பிராயங்கள் வருகின்றன. சயான் ஸ்டேஷன் வாசலைத் தாண்டுவதற்குள் நாலு கோச்சிங் வகுப்பு நோட்டீஸ் கையில் திணிக்கப்பட்டுவிடுகிறது. அதெல்லாம் இருக்கட்டும், நீங்க ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வந்துட்டா நிம்மதி என்பார்கள் அத்தையிடம். அவளும் காலேஜ் பெயரை மட்டும் கேட்டுக்கொண்டு, சேலையைச் சரிசெய்தபடி கிளம்பிவிடுவாள். இது தொடங்கியது என் அக்கா விஷயத்தில்தான். அப்போது எனக்கு ஒன்பது வயது. அந்த விசாரணையில் நானும் ஒரு முக்கியப் புள்ளி என்பதைத் தன்னடக்கமின்றிச் சொல்லிக்கொள்கிறேன்.

அத்தை என் அப்பாவின் தங்கை. அதுவரை அவள் விசாரித்ததெல்லாம் மாப்பிள்ளைகளை மட்டும்தான். சொந்தத்தில் யாருக்கு வரன் வந்தாலும் அத்தை போய்ப் பார்த்துத் தலையாட்டாமல் தட்டு மாற்ற மாட்டார்கள். அவளுக்கென்று ஒரு முறை உண்டு. மாப்பிள்ளை வீட்டுப் பக்கமே போக மாட்டாள். வீட்டுக்குப் போனால் கேசரிதான் கிடைக்கும், சங்கதி கிடைக்காது என்பாள். பையன் சாயங்காலம் எந்த முக்கில் நிற்கிறான், எந்தக் கடையில் டீ குடிக்கிறான் என்று கண்டுபிடித்து அங்கே போவாள். கூட்டிப்போக ஒரு குழந்தை வேண்டும். தனியாக வந்து நிற்கும் பெண்ணை முறைத்துப் பார்க்கிறவர்கள், குழந்தைக்குத் தண்ணீர் கேட்டு வருகிறவளுக்குப் பெஞ்சைத் துடைத்துப் போடுவார்கள். ஆக, என் வேலை தாகம் எடுப்பது. அத்தை என் தோளை அழுத்தினால் எனக்கு உடனே நாக்கு வறண்டாக வேண்டும். செம்பூர் மாப்பிள்ளை ஒருவருக்காக நாலு கடையில் தண்ணீர் குடித்துவிட்டு ரயிலில் திரும்பி வந்தபோது நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

அந்த வருஷம் அக்கா பன்னிரண்டாவது முடித்திருந்தாள். பொறியியல் நுழைவுத் தேர்வும் எழுதினாள். அதில் வந்த மதிப்பெண்ணைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் சத்தமாகப் பேசுவதில்லை. அவளுக்கு ஆசை புள்ளியியல் படிக்க வேண்டும் என்பது. ஒரே ஒருமுறை அப்பாவிடம் சொன்னாள். அத வச்சு என்ன செய்ய என்று அப்பா கேட்டார். அக்கா ஏதோ முணுமுணுத்தாள். அப்பா வீட்டின் கீழ்த்தளத்தில் பை தைக்கும் பட்டறை நடத்திக்கொண்டிருந்தார். மெஷின் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகியவர். மெல்லப் பேசுகிறவர்களின் பேச்சு அவரிடம் எடுபடாது.

அந்தச் சமயம் பார்த்து நாங்குநேரிப் பக்கத்து அண்ணாச்சி ஒருவர் வெள்ளைச் சட்டையும் வழவழப்பான புத்தகமுமாக வந்தார். வாஷிக்கு அந்தப் பக்கம் புதிதாக ஒரு பொறியியல் கல்லூரியாம். நுழைவுத் தேர்வு மதிப்பெண் பெரிய விஷயமே இல்லையாம். படித்து முடிக்கும் முன்பே வேலையாம். நம்ம ஊர்ப் பிள்ளை என்பதால் மேனேஜ்மென்ட் கோட்டாவில் ஓர் இடம் பிடித்து வைத்திருக்கிறாராம். புத்தக அட்டையில் கறுப்பு அங்கி போட்ட ஒரு பையன் சதுரத் தொப்பியை வானத்தில் எறிந்து சிரித்துக்கொண்டிருந்தான். அப்பா சொக்கிப் போனார். வெள்ளிக்கிழமை முன்பணத்தோடு வருவதாக வாக்கும் கொடுத்துவிட்டார். அக்கா அன்றைக்குச் சாப்பிடவில்லை. நான் அந்தப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய், தொப்பி எறிந்த பையனுக்குப் பேனாவால் மீசையும் கண்ணாடியும் போட்டேன். அவன் முகம் எனக்கு மனப்பாடம்.

மறுநாள் முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்த அத்தையிடம் அக்கா அழுதாள். அத்தை கீரையிலிருந்து கண்ணை எடுக்காமல், அண்ணன் இந்தக் காலேஜைப் பற்றி யாரிடமாவது விசாரித்தாரா என்று கேட்டாள். அக்கா உதட்டைப் பிதுக்கினாள். அத்தை முறத்தைத் தள்ளிவைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"ஏட்டி, செருப்ப மாட்டு."

குர்லாவில் மாறி ஹார்பர் லைன் ரயிலில் போனோம். கடற்கழிப் பாலத்தின் மேல் ரயில் ஓடும்போது அத்தை ஒரு காசை ஜன்னல் வழியாகத் தண்ணீரில் போட்டுக் கும்பிட்டாள். மாப்பிள்ளை பார்க்கப் போகும்போதும் அப்படித்தான் ஏதாவது செய்வாள். வாஷியில் இறங்கி பஸ் பிடித்துப் போனால், வெட்டவெளியில் கண்ணாடிக் கட்டடம் பளபளத்துக்கொண்டு நின்றது. நான் வாயைப் பிளந்து பார்த்தேன். அத்தை அதை ஏறெடுத்தும் பார்க்காமல் எதிரே இருந்த டீக்கடைக்கு நடந்தாள். என் தோள் அழுந்தியது. எனக்குத் தாகம் எடுத்தது.

டீக்கடைக்காரர் வடக்கத்திக்காரர், இங்கே பையா என்பார்கள். அத்தையின் ஹிந்தி கேட்பவரைச் சிரிக்க வைக்கும். சிரித்த மனிதர் பிறகு பேசாமல் இருக்க முடியாது. காலேஜ் எப்படி என்று கேட்டதும் அவர் புகழத் தொடங்கினார். ரொம்ப நல்ல காலேஜ் என்றார். பிள்ளைகள் காலையிலிருந்து சாயங்காலம் வரை இங்கேதான் இருப்பார்கள், உள்ளே பாடம் நடத்த ஆள் கிடையாது, வருகிற வாத்தியாரும் மாதம் தாண்டுவதில்லை, அந்தப் புண்ணியத்தில் தன் வியாபாரம் அமோகம் என்றார். இன்னும் இரண்டு பெஞ்சு வாங்கிப் போட்டால்தான் கட்டுப்படியாகும் என்று வேறு கவலைப்பட்டார். அத்தை ரொம்பச் சந்தோஷமாகக் கேட்டுக்கொண்டு இன்னொரு டீ சொன்னாள்.

அப்போதுதான் நான் அவனைப் பார்த்தேன். பக்கத்து மொபைல் கடையில் ஒரு போனுக்குக் கண்ணாடி ஒட்டிக்கொண்டிருந்தான். மீசை இல்லை, தொப்பி இல்லை, ஆனாலும் அவனேதான். நான் அத்தையின் சேலையைப் பிடித்து இழுத்தேன். அவள் எனக்குத் தாகம் மீறிவிட்டதாக நினைத்து, கொஞ்சம் பொறு என்றாள். நான் விடவில்லை, புத்தக அட்டையில் இருக்கிறவன் இவன்தான் என்று அவள் காதில் சொன்னேன். பிறகு அத்தை அவனிடம் போய், படிப்பெல்லாம் முடிந்து இங்கே கடை வைத்திருக்கிறாயாப்பா என்று கேட்டாள். அவனுக்கு வெட்கமாகப் போய்விட்டது. படிப்பா, நான் பத்தாவதே தாண்டவில்லை, ஒருநாள் போட்டோ எடுக்க வந்தவர்கள் அங்கியை மாட்டிவிட்டுத் தொப்பியை எறியச் சொன்னார்கள், சாயங்காலம் ஒரு பிளேட் பிரியாணி வாங்கித் தந்தார்கள் என்றான். நல்ல பையன். எனக்கு ஒரு சாக்லெட்டும் கொடுத்தான்.

அத்தை அத்தோடு விடுகிற ஆளா? ஒன்றை வேண்டாம் என்று சொன்னால் மட்டும் போதாது, இன்னொன்றைக் கையில் வைத்துக்கொண்டு சொல்ல வேண்டும் என்பது அவள் கணக்கு. மறுநாள் அக்கா ஆசைப்பட்ட மாட்டுங்கா கல்லூரிக்குப் போனோம். பழைய கட்டடம், சுவரில் அரசமரம் முளைத்திருந்தது. எதிரே வடாபாவ் போடுகிறவர் சலித்துக்கொண்டார். மணி அடித்தால் ஒரு பிள்ளை வெளியே நிற்பதில்லை, நடுவில் கால்மணி நேரம்தான் வியாபாரம், என்ன பிழைப்பு இது என்றார். அத்தையின் முகம் மலர்ந்துவிட்டது. வெளியே வந்த பெண்களை நிறுத்திவைத்து, புகுந்த வீட்டில் எப்படி வைத்துக்கொள்கிறார்கள் என்று கேட்பதுபோலவே கேட்டாள். வாத்தியார் ஒழுங்காக வருகிறாரா, புரியவில்லை என்றால் சிடுசிடுப்பாரா, கழிவறைக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா? கண்ணாடி போட்ட ஒரு பெண் புள்ளியியல்தான் படித்துக்கொண்டிருந்தாள். தன் சீனியர்கள் வங்கியிலும், இன்ஷூரன்ஸிலும், புது மருந்தைச் சோதித்துப் பார்க்கிற இடங்களிலும் வேலை செய்வதாகச் சொன்னாள். அத்தைக்கு அதில் பாதி புரியவில்லை. ஆனால் அந்தப் பெண் சொல்லும்போது கண்ணைப் பார்த்துச் சொன்னாள், அது போதும் என்றாள் திரும்பும் வழியில்.

வியாழக்கிழமை ராத்திரிச் சாப்பாட்டின்போது அத்தை விஷயத்தை எடுத்தாள். அம்மா பரிமாறிக்கொண்டிருந்தாள். அக்கா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். டீக்கடை, வாத்தியார், மாட்டுங்கா என்று அத்தை வரிசையாகச் சொல்ல, என் பங்குக்கு நான் தொப்பிக்காரனைப் போட்டு உடைத்தேன். புத்தகத்தையும் எடுத்துவந்து அப்பா முன்னால் நீட்டினேன். அப்பா அந்தப் படத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். ஆனால் இறங்கி வரவில்லை.

"அவரு நம்ம ஊர்க்காரரு. நமக்குக் கெடுதல் நெனைப்பாரா? வாக்கு வேற கொடுத்துட்டேன்."

அத்தை குரலை உயர்த்தவில்லை. குழம்பை ஊற்றிக்கொண்டே சொன்னாள்.

"எனக்கும் ஊர்க்காரரு ஒருத்தருதான்ணே சொன்னாரு. அன்னைக்கும் வாக்கு கொடுத்துட்டேன்னுதான் சொன்னிய. அந்தத் தெருவுல போயி ஒரு டீ குடிச்சிருந்தா தெரிஞ்சிருக்கும். யாரும் போவல."

அம்மா கரண்டியைப் பாத்திரத்துக்குள் சத்தமில்லாமல் வைத்தாள். அப்பா இடது கையால் போனை எடுத்து, மன்னிக்கணும் அண்ணாச்சி, பிள்ளைக்கு வேற படிப்புலதான் விருப்பம் என்று சொல்லி வைத்துவிட்டார். அக்கா குனிந்து வேகமாகச் சாப்பிடத் தொடங்கினாள், மூன்று நாள் பசி.

எனக்கோ பெருமை தாங்கவில்லை. அப்பாவையே வாயடைக்க வைத்தது என் சாட்சிதான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அத்தை ஏதோ பழைய கதை பேசுகிறாள் என்று நினைத்தேன். அத்தைக்குக் கல்யாணம் ஆகி ஒரு வீட்டுக்குப் போனதோ, அங்கே பட்டதோ, ஒரு துணிப்பையோடு திரும்பி வந்ததோ எதுவும் எனக்குத் தெரியாது. அதெல்லாம் நான் பிறப்பதற்கு முன்னால் நடந்து முடிந்து, வீட்டில் யாரும் பேசாத சங்கதி ஆகியிருந்தது.

அப்பா தன் தட்டில் தொடாமல் வைத்திருந்த அப்பளத்தை எடுத்து அத்தையின் தட்டில் வைத்தார். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை, தலையும் நிமிரவில்லை. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. படத்தில் இருந்தவனைக் கண்டுபிடித்தது நான், அப்பளம் மட்டும் அவளுக்கா?