ஆர்லிஸின் பெட்டியில் ஒரு ரேசர்

வெர்லினுக்குக் காபிக்கு முன் முகம் மழித்தாக வேண்டும். பார்க்கின்சன் வந்து கை நடுங்கத் தொடங்கியதிலிருந்து அந்த வேலை மனைவி ஆர்லிஸின் தலையில் விழுந்தது. டுலூத் நகரின் முதியோர் இல்லத்தில் வேலை பார்த்தே ஓய்வு பெற்றவள் அவள். தோலை எங்கே இழுத்துப் பிடிப்பது, பிளேடை எந்தச் சாய்வில் விடுவது என்பதெல்லாம் கைப்பழக்கம். ரத்தம் உறையாமலிருக்க வெர்லின் மாத்திரை சாப்பிடுகிறார். ஒரு கீறல் விழுந்தாலும் லேசில் நிற்காது.

பகலில் உதவிக்கு வரும் ஹோதான் நல்ல பெண். ஆனால் பிளேடைத் தொடக்கூடாது, மின்சார ரேசர் மட்டும்தான் என்பது அவளை அனுப்பும் நிறுவனத்தின் விதி. மின்சார ரேசர் முகத்தில் படுவதற்கு வெர்லின் சம்மதிப்பதில்லை. ஆகவே மூன்று வருடமாக ஆர்லிஸ் ஓர் இரவுகூட வெளியே தங்கியதில்லை.

நிலவறை அலமாரியில் பதினொரு ரேசர்கள் சீல் பிரிக்காமல் இருந்தன. எல்லாம் வெர்லின் தினமும் பயன்படுத்தும் அதே ரகம். கம்பெனி அந்த ரகத்தை நிறுத்திவிட்டது என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து, கண்ட இடத்தில் எல்லாம் வாங்கி ஸ்பேராக அடுக்கினார். சீல் பிரித்தால் அது ஸ்பேர் இல்லை என்பது அவருடைய சட்டம். ஒன்றே ஆயுளுக்கும் உழைக்கும் என்று சொன்னவரும் அவர்தான். பன்னிரண்டு ஆயுள் வாழ உத்தேசமா என்று ஆர்லிஸ் கேட்டுப் பார்த்திருக்கிறாள்.

அக்டோபரில் பிஸ்மார்க் நகரிலிருந்து அக்கா டெலோரிஸ் கூப்பிட்டாள். எண்பதாவது பிறந்தநாள். நான்கு நாள் வந்து இருந்துவிட்டுப் போ என்றாள். அன்று வெர்லின் முகத்தில் நுரை பூசிக்கொண்டே ஆர்லிஸ் விஷயத்தைச் சொன்னாள். போனால் யார் மழிப்பது என்றுதான் வெர்லின் முதலில் கேட்டார்.

“ரேசருக்குப் பதினோரு ஸ்பேர் வச்சிருக்கே. எனக்கு ஒண்ணு வச்சிருக்கியா?”

வெர்லின் ஜன்னல் வழியாக ஏரியைப் பார்த்தார். “ரேசர் கீழ விழுந்தா வளைஞ்சுடும். நீ அப்படி வளையிற ஆளா என்ன?”

ஆர்லிஸ் பிளேடை அலசினாள். “தாடி வளரட்டும். நாலு நாள் தாடியால யாரும் செத்ததில்ல.”

“சவப்பெட்டியில போறவன் மாதிரி இருப்பேன்.”

“இல்லத்துல அவங்களையும் நாங்க மழிச்சுதான் அனுப்புவோம். வாயை மூடு, உதட்டுக்கு மேல வரணும்.”

இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். பிறகு, நாலே நாள்தானே என்று முனகினார். இரவில் தங்கவும் ஹோதான் ஒப்புக்கொண்டாள். அவர் திட்டினால் தானும் தன் தாய்மொழியான சோமாலியில் திட்டிக்கொள்வதாகச் சொல்லி ஆர்லிஸைப் பஸ் ஏற்றிவிட்டாள்.

பிஸ்மார்க்கில் பெட்டியைத் திறந்தபோது காலுறைகளுக்கு நடுவே ஒரு ரேசர் இருந்தது. சீல் பிரிக்காதது. கூடவே ஒரு பொட்டலம் பிளேடு. ஆர்லிஸ் கட்டிலில் உட்கார்ந்து வீட்டுக்குப் போன் போட்டாள்.

“ஹோதான்கிட்ட நான்தான் வைக்கச் சொன்னேன்” என்றார் வெர்லின். “வீடு எரிஞ்சு போச்சுன்னா ஒண்ணாவது வெளியூர்ல இருக்கணும்ல. பத்திரமா வச்சுக்க. தாடி அரிக்குது.”

வீடு எரிந்தால் உள்ளே இருப்பது யார் என்று கேட்க நினைத்தாள். போனைத் துண்டித்தாள். ரேசரை மேசைமேல் வைத்தாள். உடை மாற்றும்போதும் தலை வாரும்போதும் கண் அங்கேயே போயிற்று. பத்து மணி நேரம் பஸ்ஸில் வந்தும் அவள் மனம் டுலூத் வீட்டுக் குளியலறையை விட்டு வெளியே வந்தபாடில்லை.

மறுநாள் மாலை விருந்து. டெலோரிஸ் முழங்கால் வரை வரும் தன் நீலப் பாவாடையை எடுத்துக் கொடுத்தாள். ஆர்லிஸ் குனிந்து தன் கால்களைப் பார்த்தாள். அவற்றை மழித்தே மூன்று வருடமாகியிருந்தது. அவர் முகத்தை முடித்த பிறகு இன்னொரு தடவை ரேசரைத் தொடத் தோன்றியதில்லை.

குளியல் தொட்டியில் வெந்நீர் நிரப்பினாள். ரேசரின் சீல் உறையை நகத்தால் கிழித்தாள். பிளேடு மாட்டினாள்.

கதவுக்கு வெளியே டெலோரிஸின் குரல் கேட்டது. “என்னடி, முழுகிட்டியா?”

“ஷேவ் பண்றேன்.”

“யாரை?”

“என்னைத்தான்.”

 டெலோரிஸ், கேக் வந்துவிட்டது, மெதுவாக வா என்று சொல்லிவிட்டுப் போனாள்.

திங்கட்கிழமை ஆர்லிஸ் வீடு திரும்பியபோது வெர்லின் வெள்ளைத் தாடியோடு ஜன்னலருகே உட்கார்ந்திருந்தார். எப்படி இருந்தது என்று கேட்கவில்லை; அந்த ரேசர் பத்திரமா என்று கேட்டார். ஆர்லிஸ் பெட்டியிலிருந்து எடுத்து, குளியலறைக் குவளையில் அவருடைய ரேசருக்குப் பக்கத்தில் போட்டாள்.

பின்னாலேயே வந்த வெர்லின் அதையே பார்த்தார். “பிரிச்சிட்டியா? இப்போ பத்துதான் இருக்கு.”

“பத்து உன்னுது. இது என்னுது. ஜனவரியில மறுபடியும் போறேன், இதை எடுத்துட்டுப் போவேன்.”

“ஜனவரியில பனி கொட்டும். பஸ் ஓடாது.”

அது உண்மைதான்.  ஆர்லிஸ் துண்டை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து அவர் தாடிமேல் வைத்தாள். நான்கு நாள் முடி. இரண்டு தடவை நுரை போட்டால்தான் வழிக்கு வரும்.

“ஆடாதே” என்று சொல்லிவிட்டுக் கன்னத்தை இழுத்துப் பிடித்தாள்.