பவுடரைத் துடைக்கச் சொன்ன ராஜேஸ்வரி மேடம்

செய்தி வந்தபோது ஆரப்பாளையம் பேருந்து நிலையத்துக்கு எதிரே டீ குடித்துக்கொண்டிருந்தேன். அழைத்தவர் ராஜேஸ்வரி மேடத்தின் கணவர் முருகேசன். "சேகரு, ராஜி போயிட்டாப்பா" என்றார். காய்ச்சல் என்று மருத்துவமனையில் சேர்த்திருந்தார்கள். இரண்டொரு நாளில் வீடு திரும்பிவிடுவார் என்றுதான் எல்லோரும் நம்பியிருந்தோம். டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன். "என்னண்ணே, டீ நல்லாயில்லையா?" என்று கடைக்காரர் கேட்டுக்கொண்டிருக்கும்போதே மேடத்தின் வீடு இருந்த திருநகருக்குப் பேருந்து பிடிக்க நடந்தேன்.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அதே ஆரப்பாளையத்தில் ஒரு லாட்ஜின் மாடியில் இயங்கிய திருமணத் தகவல் மையத்தில் நாங்கள் பல வருடம் ஒன்றாக வேலை பார்த்தோம். ஜாதகங்களைப் பார்த்துப் பொருத்துவது என் வேலை. வரன் தேடி வருகிறவர்களைப் படம் எடுப்பது அவர் வேலை. கையடக்கமான ஒரு டிஜிட்டல் கேமரா, நாலு பேர் நின்றால் மூச்சு முட்டும் ஓர் அறை, சுவரில் ஒரு நீலத்துணி. அவ்வளவுதான் எங்கள் ஸ்டூடியோ. மேடம் நல்ல உயரம், நல்ல கறுப்பு. சிரித்தால் மாடிப்படி வரை கேட்கும். கோபம் வந்தால் தெரு வரை கேட்கும்.

ஆரம்பத்தில் ஊரில் எல்லோரும் எடுப்பதுபோலத்தான் அவரும் எடுத்தார். முகம் நிறைய பவுடர் அப்பிய பெண்ணைச் சுவரை ஒட்டி உட்காரவைத்து, கிட்டே போய் ஃபிளாஷ் அடித்தால் எந்த நிறமும் வெள்ளையாகிவிடும். மூக்கு தெரியாது. கழுத்துக்கும் முகத்துக்கும் சம்பந்தம் இருக்காது. பின்னால் சுவரில் கரிய நிழல் ஒன்று ஒட்டிக்கொண்டு நிற்கும். ஆனாலும் பெற்றவர்களுக்கு வாயெல்லாம் பல். மையத்தின் முதலாளிக்கும் அப்படித்தான்.

ஒருமுறை சோழவந்தானில் ஒரு பெண் வீட்டுக்கு மாப்பிள்ளை வீட்டாரை நாங்கள் இருவரும் கூட்டிப் போனோம். கேசரி, பஜ்ஜி எல்லாம் ஆயிற்று. பெண் வந்து வணக்கம் சொல்லி நின்றாள். மாப்பிள்ளையின் அத்தை கையிலிருந்த படத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "இது அக்காவா? படத்துல உள்ள பிள்ளைய வரச் சொல்லுங்க" என்றார். கேலி இல்லை, நிஜமாகவே கேட்டார். அந்த வீட்டில் இருந்ததே ஒரே பெண்தான். அவள் தலை குனிந்தவள் நிமிரவே இல்லை. அவளுடைய அப்பா எங்கள் இருவரையும் பார்த்த பார்வையில் நான் செருப்பைத் தேடுகிற சாக்கில் வாசலுக்குப் போய்விட்டேன்.

திரும்பும் பேருந்து சமயநல்லூர் தாண்டியது. மேடம் என் பக்கம் திரும்பினார். "அந்தப் பிள்ளை மூஞ்சிய நாமதாண்ணே அழிச்சோம். அசிங்கமா இருக்கு" என்றார்.

மறுநாளே அறையை மாற்றத் தொடங்கினார். சோதனைக்கு நான். "அண்ணே, இந்த ஆபீஸ்ல என்னைய விட்டா நீங்கதான் நல்ல கறுப்பு. வந்து உக்காருங்க" என்று இழுத்து உட்காரவைத்தார். நாற்காலி சுவரைவிட்டு அறையின் நடுவுக்கு வந்தது, நிழல் போயிற்று. அவர் பின்னால் நகர்ந்து நகர்ந்து வராந்தாவுக்கே போய், அங்கிருந்து கொஞ்சம் ஜூம் செய்தார். முகம் வெளுப்பது குறைந்தது. ஜன்னலைத் திறந்தார், டியூப்லைட்டையும் எரியவிட்டார். ஃபிளாஷுக்கு முன்னால் வெள்ளைக் கைக்குட்டையை ஒற்றையாகப் பிடித்தார். நெற்றியின் எண்ணெய்ப் பளபளப்பு அடங்கியது. "கேமராவைப் பாக்காதீங்க, என் தோளைப் பாருங்க. இல்லாட்டி கண்ணு செவப்பா வந்துரும்" என்பார். கைக்குட்டையை மடித்துப் பிடித்த ஒரு படத்தில் வெளிச்சம் போதாமல் என் பல் மட்டும்தான் தெரிந்தது. அதைப் பார்த்து நாங்கள் சிரித்த சிரிப்பில் லாட்ஜ் மேனேஜர் மேலே வந்து எட்டிப் பார்த்தார்.

கடைசியில் ஒரு படம் சரியாக அமைந்தது. கேமராவின் திரையை என்னிடம் நீட்டி, "இந்தாருங்க, இதாண்ணே நீங்க" என்றார். கல்யாண வீட்டில் கேமரா என் பக்கம் திரும்பினால் தூணுக்குப் பின்னால் ஒதுங்குகிற ஆள் நான். அந்தப் படத்தில் என் நிறம் என் நிறமாகவே இருந்தது. பார்க்கவும் நன்றாக இருந்தது.

அதன்பிறகு நாற்காலிக்குப் பக்கத்தில் ஓர் ஈரத்துண்டு நிரந்தரமாயிற்று. "பவுடரைத் துடைச்சிட்டு உக்காரும்மா" என்பதுதான் அவருடைய முதல் வார்த்தை. தாய்மார்கள் சண்டைக்கு வந்தார்கள். "எங்க பிள்ளையக் கறுப்பாக் காட்டி வீட்டோட உக்கார வைக்கப் பாக்குறியா?" என்று ஒருவர் கேட்டார். "வாரவுக உங்க பிள்ளையத்தானம்மா பாக்க வாராக? பவுடரையா கட்டிக்கிட்டுப் போகப் போறாக?" என்றார் மேடம். சிலர் வேறு மையத்துக்குப் போனார்கள். முதலாளி முறைத்தார். மேடம் மசியவில்லை. சோழவந்தான் பெண்ணை மட்டும் அவரே தேடிப்போய், திரும்ப ஒரு படம் எடுத்துத் தருகிறேன் என்று கேட்டார். அந்தப் பெண் உட்கார மறுத்துவிட்டாள். அந்த வருத்தம் மேடத்துக்குக் கடைசிவரை ஆறவில்லை.

இத்தனையும் கூட இருந்து பார்த்தவன் நான். அதனால்தான் இனி சொல்லப்போவதை எழுதக் கை கூசுகிறது.

திருநகர் வீட்டுக்குப் போனதும் முருகேசன் அண்ணன் அஞ்சலி பிளக்ஸ் வேலையை என்னிடம் விட்டார். எங்கள் அறையில் நானே மேடத்தை எடுத்த படம் ஒன்று என் போனில் இருந்தது. பிளக்ஸ் கடைக்குக் கொண்டுபோனேன். "அக்கா கொஞ்சம் டல்லா இருக்காங்கண்ணே, பிரைட் பண்ணிருவமா?" என்று கேட்டார் கம்ப்யூட்டரில் இருந்தவர். "பண்ணுங்க" என்றேன். நான் யோசிக்கவே இல்லை. நாலு பேர் வந்து பார்க்கிற இடம், பளிச்சென்று இருந்தால்தான் மரியாதை என்று பட்டது. வாசலில் கட்டி முடித்துத் தள்ளி நின்று பார்த்தபோதுகூட எனக்கு உறைக்கவில்லை.

மேடத்தின் மகள் கவிதா கோயம்புத்தூரிலிருந்து வந்து இறங்கினாள். பிளக்ஸுக்கு நேர் கீழே நின்று, அழுது வீங்கிய கண்ணோடு என்னைக் கேட்டாள். "மாமா, அம்மா போட்டோ இன்னும் வரலையா?"

நிமிர்ந்து பார்த்தேன். ரோஸ் நிறத்தில் யாரோ ஒரு பெண்மணி சிரித்துக்கொண்டிருந்தார். கவிதாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பந்தலிலிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறிக் கயிற்றை அறுத்தேன்.

"எதுக்குய்யா அவுக்குற? நல்லாத்தானே இருக்கா?" என்றார் முருகேசன் அண்ணன்.

"நல்லாத்தான் இருக்காங்கண்ணே. மேடம்தான் இல்ல" என்றேன். கவிதா மறுமுனையைப் பிடித்து இறக்கினாள்.

வேறு அடிக்க நேரமில்லை. பிளக்ஸ் இல்லாததால் வெளியூர்க்காரர்கள் வீடு தெரியாமல் தடுமாறினார்கள். நான் தெருமுனையில் போய் நின்றுகொண்டேன். மாலையோடு வந்த ஒருவர், "இங்க ராஜேஸ்வரின்னு ஒருத்தவுக தவறிட்டாகளாமே, எந்த வீடுண்ணே?" என்று விசாரித்தார். அதே தெருவில் இன்னொரு ராஜேஸ்வரியும் உண்டு என்பதால், "எந்த ராஜேஸ்வரி?" என்று அருகில் இருந்தவர் குழம்பினார்.

"நல்ல கறுப்பா, உயரமா, சத்தமாச் சிரிப்பாகளே, அவுகதான். இடது பக்கம் மூணாவது வீடு" என்றேன். வந்தவர்களுக்கெல்லாம் அப்படியே சொன்னேன். ஒருமுறைகூடக் குரலைத் தாழ்த்தவில்லை. போய் வாருங்கள், மேடம்.