நாற்பது பதில்கள்

குழந்தையம்மாளுக்கு மலாய் தெரியாது என்று சொன்னால் மலேசியாவின் ஈப்போ பக்கம் குனோங் ராபாட்டில் சிரிப்பார்கள். பத்தொன்பது வருடமாக காக் யா என்ற மலாய்க்காரி தேங்காய்ப்பால் சோறு விற்கும் நாசி லெமாக் கடையில் வேலை செய்கிறவள். மீன்காரனிடம் பேரம் பேசுவது, காசு கொடுக்காமல் நழுவுகிறவனை நிறுத்தி வைப்பது, காக் யாவின் புருஷன் மாரடைப்பில் போனபோது மூன்று நாள் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து தேற்றியது எல்லாம் மலாயில்தான். பள்ளிக்கூட மலாய் இல்லை, ஒத்துக்கொள்ள வேண்டும். தோட்டத்திலும் சந்தையிலும் பொறுக்கிச் சேர்த்தது, பாசார் மலாய் என்பார்கள். நடுவில் தமிழ் வரும், சீனக் கடையில் பிடித்த ஒன்றிரண்டு கான்தனீஸ் வார்த்தை வரும். ஆனால் அவள் பேசி யாருக்காவது புரியாமல் போனதாகச் சரித்திரம் இல்லை.

அவளுக்குத்தான் ஐம்பத்து நான்கு வயதில் மலாய் கற்றுக்கொடுக்க வேண்டி வந்தது.

காரணம் அவள் பணப்பையில் இருந்த சிவப்பு ஐசி, அடையாள அட்டை. பிறந்தது பாரிட் புந்தாருக்கு உள்ளே ஒரு ரப்பர் தோட்டத்தில், லயன் வீட்டில். பிறப்பைப் பதிய வேண்டிய கிராணி அந்த வாரம் விடுப்பில் இருந்தார். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று அவள் அப்பா விட்டார். அந்த அப்புறம் வரவே இல்லை. பன்னிரண்டு வயதில் மற்ற பிள்ளைகளுக்கு நீல ஐசி வந்தபோது இவளுக்குச் சிவப்பு வந்தது. இங்கே குடியிருக்கலாம், ஆனால் இந்த நாட்டுக்காரி இல்லை என்று அர்த்தம். வேறு எந்த நாட்டுக்காரியும் இல்லை என்பதை அந்த அட்டையில் எழுத இடம் இல்லை போலும்.

தோட்டத்தில் கட்டிப்பால் பொறுக்கினாள், ரப்பர்ப் பால் வெட்டினாள், ஆம்புரோஸைக் கட்டிக்கொண்டு ஈப்போவுக்கு வந்தாள், இரண்டு பெண்களைப் பெற்றாள். ஓட்டுப் போட முடியவில்லை என்பதெல்லாம் அவளைப் பெரிதாகத் தொந்தரவு செய்யவில்லை. மூத்தவள் சமந்தாவின் விஷயம்தான் அவளை உடைத்தது.

சமந்தா சிங்கப்பூரில் நர்ஸ். கல்யாணமாகி அங்கேயே இருக்கிறாள். மூன்று வருடத்துக்கு முன்பு அவளுக்கு ஏழாம் மாதத்திலேயே ஒரு பெண் குழந்தை பிறந்து இரண்டே நாள் இருந்தது. ஆம்புரோஸும் இளையவள் கேரனும் பஸ் பிடித்து ஓடினார்கள். குழந்தையம்மாளிடம் பாஸ்போர்ட் இல்லை. பஸ் நிலையம் வரை போய், பிள்ளை பெத்தவளுக்குக் கொடுக்கும் மருந்தை ஆம்புரோஸ் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தாள். பேத்தியின் அடக்கத்தை வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து கைத்தொலைபேசியில் பார்த்தாள். மருமகன் ரோய்ஸ்டன் போனைப் பிடித்திருந்தான். பாதி நேரம் வானம்தான் தெரிந்தது.

குடியுரிமைக்கு அவள் மனுப் போட்டுப் பதினொரு வருடம் ஆகியிருந்தது. இந்த ஜனவரியில் கடிதம் வந்தது. மார்ச் பதினெட்டாம் தேதி மலாய் மொழித் தேர்வு, நேர்முகமாக. அதே வாரம் சமந்தாவும் போன் செய்தாள். மறுபடியும் உண்டாகி மூன்று மாதம்.

"தேர்வு பாஸ் பண்ணிட்டா சீக்கிரம் கூப்பிட்டு நீல ஐசி குடுத்துருவாங்கன்னு சொல்றாங்கம்மா. அப்புறம் பாஸ்போர்ட் ஈசிலா. அக்காவுக்குப் பிள்ளை பொறக்குறதுக்குள்ள போயிரலாம்," என்றாள் கேரன்.

கேரன் டியூஷன் சென்டரில் மலாய் சொல்லிக்கொடுக்கிறவள். படிவம் ஐந்து அரசுத் தேர்வு மாணவர்களைக் கரையேற்றுவதில் பெயர் எடுத்தவள். அம்மாவின் மலாயைக் கேட்டால் அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே காது கூசும். பள்ளியில் பெற்றோர் சந்திப்பு நாளில் அம்மா வாய் திறப்பதற்கு முன்னால் தானே பேசி முடித்துவிடுவாள். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. குழந்தையம்மாளுக்குத் தெரியாமலும் இல்லை.

காக் யா கடையிலிருந்து அம்மா திரும்பிய பிறகு, கேரன் டியூஷனுக்குக் கிளம்புவதற்கு முன்னால், தினமும் ஒன்றரை மணி நேரம் பாடம். பின்னால் சுண்ணாம்பு மலை, உள்ளே அனல் பறக்கும் தகர அடுக்களை. அம்மாவுக்கு எழுத்துக் கூட்டிப் படிப்பதே சிரமம். மூன்றாம் வகுப்போடு தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்ள நின்றவள். ஆனால் கேரனுக்கு அம்மாவின் இன்னொரு திறமை தெரியும். தோட்டத்து மாதா கோயிலில் உபதேசியார் சொல்லிக்கொடுத்த ஞானோபதேசம் முழுவதும், கேள்வியும் பதிலும், இன்றைக்கும் அம்மாவுக்கு ஒரு சொல் பிசகாமல் மனப்பாடம். ஒரு வரி படிக்காமல் காதால் மட்டும் பிடித்தது.

"அப்படியே படிச்சிருவோம்மா. கேள்வி, பதில். நாப்பது கேள்வி நான் எழுதிருக்கேன். நான் சொல்ல நீங்க சொல்லணும்."

அம்மாவுக்கு அது பிடித்துப்போனது. அந்த வழியில்தான் அவள் எதையும் கற்றிருக்கிறாள். கேள்வி ஒன்று, பெயர் என்ன. கேள்வி இரண்டு, எங்கே பிறந்தீர்கள். கேள்வி முப்பத்தொன்று, ஏன் குடியுரிமை வேண்டும். அதற்குப் பதில், 'சயா சிந்தாகான் நெகாரா இனி', நான் இந்த நாட்டை நேசிக்கிறேன். பிப்ரவரி முடிவதற்குள் நாற்பதும் தண்ணிபட்ட பாடு ஆகிவிட்டது.

அதோடு நிறுத்தியிருக்கலாம். கேரன் நிறுத்தவில்லை. கெட்டிக்கார ஆசிரியர்களுக்கு இருக்கும் வியாதி அது.

"கடையிலயும் சரியாப் பேசிப் பழகுங்கம்மா. உங்க பாசார் மலாய் ஒரு வார்த்தை வந்துச்சு, அந்த அதிகாரி அப்பவே வெட்டிருவாங்க. தப்பாப் பேசுறதுக்குப் பேசாமலே இருக்கலாம்."

அவள் நல்லதைத்தான் நினைத்தாள், அதில் சந்தேகமில்லை. அம்மா எதைச் சொன்னாலும் திருத்தினாள். சோறு போடும்போது திருத்தினாள், பக்கத்து வீட்டு மலாய்க்காரியிடம் பேசிவிட்டு உள்ளே வந்ததும் திருத்தினாள். உபதேசியாரிடம் புத்தகத்தில் இல்லாததைச் சொன்னால் உள்ளங்கையில் ரோத்தான் பிரம்பு விழும். கேரனிடம் ரோத்தான் இல்லை. அவள் கண்ணை மூடி ஒரு பெருமூச்சு விடுவாள், அவ்வளவுதான். ரோத்தானே தேவலாம் என்று குழந்தையம்மாளுக்குத் தோன்றியிருக்கிறது.

மார்ச் முதல் வாரத்தில் காக் யா அவள் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள்.

"உடம்பு சரியில்லையா? நாலு நாளா நீ என்கூட ஒரு பேச்சும் பேசலையே," என்று மலாயில் கேட்டாள்.

குழந்தையம்மாள் தலையை மட்டும் ஆட்டினாள். பதில் நாக்கு நுனியில் இருந்தது. அது சரியா தப்பா என்று பார்த்து முடிப்பதற்குள் காக் யா அடுத்த பொட்டலத்தை மடிக்கத் தொடங்கிவிட்டாள். பத்தொன்பது வருடம் ஓயாத வாய் அது. அன்றைக்குக் குழந்தையம்மாள் பயந்தாள்.

பதினெட்டாம் தேதி காலையில் ஆம்புரோஸ் பள்ளி வேன் ஓட்டப் போய்விட்டான். கேரன்தான் காரில் பதிவு அலுவலகத்துக்கு அழைத்துப்போனாள். வழி முழுக்க நாற்பதையும் ஒரு தடவை ஓட்டிப் பார்த்தார்கள். ஒரு பிசகு இல்லை.

அறைக்குள் அதிகாரி ஒரு மலாய்ப் பெண், சமந்தா வயதுதான் இருக்கும். சிரித்த முகம். பெயர் கேட்டாள், குழந்தையம்மாள் சொன்னாள். பிறந்த இடம் கேட்டாள், சொன்னாள். ஐந்தாவது பதிலுக்குள் அதிகாரியின் புருவம் லேசாக உயர்ந்தது. செய்தி வாசிக்கிறவர்கள் பேசும் மலாய் அது. கடை வேலைக்குக் கட்டும் சேலையில் உட்கார்ந்து ஒருத்தி அப்படிப் பேசினால் யாருக்கும் தோன்றுவதுதான் அவளுக்கும் தோன்றியது. கையிலிருந்த தாளைக் கவிழ்த்து வைத்தாள். மக்சிக், அத்தை என்று முறை வைத்து அழைத்தாள்.

"சரி மக்சிக், பாடமெல்லாம் போதும். சும்மா பேசலாம். மூத்த மகள் சிங்கப்பூரிலா இருக்கிறாள்? அடிக்கடி போய்ப் பார்ப்பீர்களா?"

நாற்பதில் அது இல்லை.

குழந்தையம்மாளுக்குக் கேள்வி நன்றாகப் புரிந்தது. பதிலும் தெரியும். மூன்று வருடமாக நெஞ்சுக்குள் புளித்துக்கொண்டிருக்கும் பதில். "சயா புஞா அனாக்" என்று ஆரம்பித்தாள், என் மகள் என்று. உடனே கேரன் கண்ணை மூடுவது மனதில் தெரிந்தது. அந்தச் சொற்றொடர் பாசார் மலாய். சரியானது எது, முந்தாநாள்கூடச் சொன்னாளே. தேடினாள். அதிகாரி காத்திருந்தாள். சுவர்க் கடிகாரம் நகர்ந்தது. கடைசியில் வாய்க்கு வந்தது முப்பத்தொன்று.

"சயா சிந்தாகான் நெகாரா இனி."

அதிகாரி கோபப்படவில்லை. இன்னும் எளிதாக்கிக் கேட்டாள். மகளுக்குப் பிள்ளைகள் உண்டா? மறுபடியும் முப்பத்தொன்றுதான் வந்தது. கடையில் என்ன சமைக்கிறீர்கள், சம்பல் எப்படிச் செய்வீர்கள்? பத்தொன்பது வருடம் தினமும் கிளறிய மிளகாய்ச் சம்பல். குழந்தையம்மாள் மேசையைப் பார்த்தபடி இருந்தாள். தப்பாகப் பேசுவதற்குப் பேசாமலே இருக்கலாம்.

அதிகாரி பேனாவை எடுத்து எழுதினாள். எழுதும்போது அவள் முகத்தில் சிரிப்பு இல்லை. "மனப்பாடம் மட்டும் போதாது மக்சிக். மன்னியுங்கள். திரும்ப மனுப் போடலாம்," என்றாள்.

பதினொரு வருடம். குழந்தையம்மாள் எழுந்து, சொல்லிக்கொடுத்தபடியே நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

கேரன் தூரத்தில் நிறுத்தியிருந்த காரை எடுக்கப் போயிருந்தாள். வாசல் பெஞ்சில் உட்கார்ந்ததும் குழந்தையம்மாளுக்கு அழுகை வந்துவிட்டது. வாசல் காவலர், ஓய்வுபெற்ற மலாய்ச் சிப்பாய் ஒருவர், தன் தண்ணீர்ப் போத்தலை நீட்டினார்.

"என்ன மக்சிக், ஏன் அழுகிறீர்கள்?"

அவர் அதிகாரி இல்லை. அவர் கையில் பேனா இல்லை. குழந்தையம்மாள் வாயைத் திறந்தாள், அணை உடைந்தது. சயா புஞா அனாக் என்று தொடங்கி எல்லாவற்றையும் சொன்னாள். ஏழாம் மாதத்தில் பிறந்த குழந்தையை, பஸ் நிலையத்தில் தான் திரும்பியதை, போனில் தெரிந்த சின்ன வெள்ளைப் பெட்டியை, வானத்தை. இப்போது மறுபடியும் உண்டாகியிருக்கிறாள், இந்தத் தடவையாவது நான் பக்கத்தில் இருக்க வேண்டும், அதுக்குத்தான் இந்த அட்டை, வேறு எதுக்கும் இல்லை என்றாள். தப்புத் தப்பான மலாய்தான். காவலர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். அவர் கண்ணும் கலங்கிவிட்டது.

"கவலைப்படாதீர்கள் மக்சிக். இவ்வளவு நன்றாகப் பேசுகிறீர்கள். நிச்சயம் பாஸ் ஆகியிருப்பீர்கள்," என்றார்.

குழந்தையம்மாள் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது கேரன் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ. முகம் வெளுத்திருந்தது. ஒன்றும் கேட்காமல் உள்ளே ஓடினாள். பத்து நிமிடம் கழித்து வந்தாள். முடிவைப் பதிந்தாகிவிட்டதாம், இனி யாரும் மாற்ற முடியாதாம்.

"இதெல்லாம் உள்ள ஏன்மா சொல்லல? அவங்க இதத்தானே கேட்டாங்களாம்."

நீதானே சொன்னாய் என்று சொல்லியிருக்கலாம். நியாயமும் அதுதான். குழந்தையம்மாள் மகளின் முகத்தைப் பார்த்தாள். இந்தப் பெண் அதைச் சுமந்துகொண்டு எப்படி இன்றைக்கு மூன்று மணிக்குப் பாடம் நடத்தப் போவாள்?

"மறந்துபோச்சும்மா. வயசாயிருச்சுல்ல," என்றாள்.

"பொய் சொல்லாதீங்கம்மா." கேரன் பெஞ்சில் உட்கார்ந்து குலுங்கினாள். "நான்தான்மா. நான்தான் உங்க வாயக் கட்டினேன்."

அப்போது சமந்தாவின் போன் வந்தது. கேரன் எடுத்தாள், பேச முடியாமல் அம்மாவிடம் நீட்டினாள்.

"இந்தத் தடவையும் என்னால வர முடியாதும்மா," என்றாள் குழந்தையம்மாள். எப்படியாவது வருவேன் என்று சொல்ல நினைத்துத்தான் போனைக் காதில் வைத்தாள்.



"தெரியும்மா," என்றாள் சமந்தா. "நீங்க வருத்தப்படாதீங்க. நான் போன மாசமே ரோய்ஸ்டன் அம்மாவ வரச் சொல்லிட்டேன். போன தடவ நீங்க வருவீங்க வருவீங்கன்னு கதவையே பாத்துக்கிட்டு கெடந்தேன்மா. இன்னொரு வாட்டி என்னால முடியாது."

"நல்லதும்மா. அவங்க நல்லாப் பாத்துக்குவாங்க," என்றாள் குழந்தையம்மாள்.

போனைக் கேரனிடம் திருப்பிக் கொடுத்தாள். காவலரிடம் போய் வாரேன் என்று சொல்லிக்கொண்டாள். பிறகு பெஞ்சிலிருந்த கேரனைக் கைப்பிடித்து எழுப்பிக் காருக்கு நடந்தாள்.