குதிகாலில் ஊசி, நாக்கில் இனிப்பு

நான் படித்தது மூன்றாம் வகுப்பு. ராஜபாளையத்தில் இரண்டு தறியோடு தொடங்கி, இன்று காயத்துக்குக் கட்டும் துணியை வெளிநாட்டுக்கு அனுப்புகிறேன். அதனால்தான் பிள்ளை பிறந்தால் சேனை வைக்க என்னைக் கூப்பிடுவார்கள். நாக்கில் சீனித் தண்ணீர் தொட்டு வைப்பவரின் குணம் பிள்ளைக்கு வருமென்று ஒரு நம்பிக்கை. இருபத்தேழு பிள்ளைகளுக்கு வைத்திருக்கிறேன். ஒன்றுகூடச் சோடை போகவில்லை.

சொந்தப் பேத்திக்குத்தான் முடியவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில் பிறந்தாள். தாய்ப்பால் தவிர எதுவும் கூடாது என்று நர்சம்மா முதல் நாளே சொல்லிவிட்டார். மூன்றாம் நாள் உடம்பு மஞ்சளித்தது. குதிகாலில் குத்தி ரத்தம் எடுத்தார்கள். பிள்ளை மூச்சடைக்க அழுதது. சாயங்காலம் மறுபடி எடுக்க வேண்டும், மஞ்சள் ஏறுகிறதா என்று தெரிந்தால்தான் வைத்தியம் என்றார்கள். என் மகள் பிள்ளையை இறுக்கிக்கொண்டு, தர மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாள்.

இதுதான் சமயமென்று, ஒளித்துக் கொண்டுபோயிருந்த சீனித் தண்ணீர் டம்ளரை எடுத்தேன். அழுகையும் அடங்கும், சேனை வைத்ததும் ஆகும். நர்சம்மா பார்த்துவிட்டார்.

"ஐயா, அதக் கீழ வைங்க. அது எந்தத் தண்ணியோ, என்ன கையோ."

"இருபத்தேழு பிள்ளைக்கு வச்ச கைம்மா."

"அம்புட்டும் தப்பிச்சது அதுக அதிர்ஷ்டம்."

ஆனால் என் யோசனையில் பாதி சரி என்றும் சொன்னார். டாக்டர் சொன்னால், குத்துவதற்கு முன் சுத்தமாகத் தயாரித்த சர்க்கரைக் கரைசலை அளந்து சில சொட்டு நாக்கில் விடுவார்களாம், வலி குறையுமாம். நாக்கு இனித்தால் கால் வலி ஏன் குறைய வேண்டும்? அவரிடமே கேட்டேன். தனக்கும் முழுசாகத் தெரியாது என்றார். பெற்றவள் உடம்போடு ஒட்டிக் கிடந்து பால் குடிக்கும்போது ரத்தம் எடுத்தாலே போதும், இன்று அப்படிச் செய்யலாம் என்று மகளிடம் சொன்னார். அவள் அரை மனதாகத் தலையாட்டினாள்.

நான் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றேன். நாற்பது தறி ஓடினாலும் எதில் நூல் அறுந்தது என்று காதாலேயே சொல்கிறவன் நான். குத்தும் நேரத்தைப் பிடித்துவிட வேண்டுமென்று கேட்டுக்கொண்டே நின்றேன். சப்புகிற சத்தம் ஒரு கணம் நின்றது, சின்னச் சிணுங்கல், மறுபடி சப்பல்.

"இன்னும் குத்தலியாம்மா?"

"குத்தி, ரத்தம் எடுத்து, பஞ்சும் வச்சாச்சு."

அப்படியானால் வலிக்கவே இல்லையா என்றேன். கொஞ்சம் வலித்துத்தான் இருக்கும் என்றார். அந்த மிச்ச வலி எங்கே போனது என்று நான் கேட்க வாயெடுப்பதற்குள் மகள் முந்திக்கொண்டாள்.

"நாளைக்கு எடுக்கணும்னாலும் வாங்க சிஸ்டர். பால் குடிக்கையில வாங்க."